ஒரே தீவு, இரண்டு ஆர்கிட்கள்: வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

பரிணாமம் பற்றிய விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: "சூழ்நிலைக்கு ஏற்றவாறு உயிரினம் தன்னை மாற்றிக்கொண்டது." ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தானாலும், கள்ளியின் முள்ளானாலும், பூவின் நிறமானாலும் மாணவருக்கு இந்த ஒரே விடை போதும். இதில் இரண்டு பிழைகள் சேர்ந்து கிடக்கின்றன. உயிரினம் தானே முயன்று மாறுகிறது என்பது முதல் பிழை. லாமார்க் கொள்கையை நடத்தும்போது இதைச் சுட்டிக்காட்டிவிடுகிறோம். கண்ணில் படும் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு பயன் இருந்தே தீரவேண்டும் என்பது இரண்டாவது பிழை. இது பெரும்பாலும் திருத்தப்படாமலே அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறது.

இந்த இரண்டாவது பிழையைத் திருத்த வெப்பமண்டலக் காட்டு ஆர்கிட்கள் நல்ல சான்று. பயனுள்ள வேறுபாடு, பயனே இல்லாத வேறுபாடு, மரபணுவில் இல்லாமல் உடலில் மட்டும் தெரியும் வேறுபாடு ஆகிய மூன்றும் அவற்றில் உண்டு. கரீபியன் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவில் இவை பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. தீவின் பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பதினான்கில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய இடத்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு ஆர்கிட்கள் நேர்மாறான இரண்டு கதைகளைச் சொல்கின்றன.

முதலில் ஒரு கணக்கு

ஆர்கிட் விதை தூசு போன்றது. முளைக்கும் கருவுக்கு உணவாகும் கருவூண்திசு அதில் கிடையாது. காற்றில் பறந்து ஏதோ ஒரு மரப்பட்டையில் ஒட்டி, அங்கே பொருத்தமான பூஞ்சை கிடைத்து, அந்தப் பூஞ்சையிடமிருந்து உணவு பெற்றால்தான் முளைக்கும். கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். அதனால்தான் ஒரு கனியில் ஆயிரக்கணக்கில், சில சிற்றினங்களில் இலட்சக்கணக்கில்கூட, விதைகள் உருவாகின்றன.

சார்லஸ் டார்வின் இதை எண்ணிப் பார்த்தார். ஆர்கிட்களின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றி 1862-இல் அவர் ஒரு தனி நூலே எழுதினார். இங்கிலாந்தில் சாதாரணமாக வளரும் ஓர் ஆர்கிட்டின் ஒரு கனியில் ஏறத்தாழ 6,200 விதைகள் இருப்பதாகவும், முப்பது கனிகள் தாங்கும் செடியில் 1,86,000-க்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும் என்றும் அவர் கணக்கிட்டார். அத்தனையும் முளைத்துப் பெருகினால் அந்த ஒரே செடியின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் உலகின் நிலப்பரப்பு முழுவதையும் ஏறக்குறைய மூடிவிடும் என்றார். கணித ஆசிரியரோடு சேர்ந்து இந்தக் கணக்கைக் கரும்பலகையில் செய்து பாருங்கள். 1,86,000-ஐ அதே எண்ணால் ஒருமுறை பெருக்கினாலே 3,400 கோடியைத் தாண்டும். இன்னொரு முறை பெருக்கினால் எழுதக் கரும்பலகையில் இடம் போதாது.

உலகை ஆர்கிட் மூடவில்லை என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் விதைகளில் ஏறக்குறைய எல்லாமே அழிகின்றன. பிழைத்த ஒன்றிரண்டு விதைகள் மற்றவற்றைவிடச் சிறந்தவை என்பதால் பிழைத்தனவா, அல்லது நல்ல இடத்தில் விழுந்ததால் பிழைத்தனவா? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பதில் சொல்லாமல் இருங்கள். பாடத்தின் பாதி வேலையை அந்தக் கேள்வியே செய்துவிடும்.

ஏமாற்றும் பூ

முதல் ஆர்கிட்டின் பெயர் தொலும்னியா வேரிகாட்டா. "வேரிகாட்டா" என்றாலே பலவிதமானது என்று பொருள், பெயருக்கேற்ற செடிதான். கியூபா, ஹிஸ்பானியோலா, போர்ட்டோ ரிக்கோ, வெர்ஜின் தீவுகள் எங்கும் கொய்யா போன்ற சிறுமரங்களின் மெல்லிய கிளைகளில் தொற்றி வளர்கிறது. விசிறிபோல் விரிந்த சிறு இலைகளும், மெல்லிய தண்டில் ஆடும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூக்களும் கொண்டது. பூவின் நடுவில் மஞ்சள் மேடு, அதைச் சுற்றிச் செம்பழுப்புத் திட்டுகள். ஒரே புதரில் உள்ள இரண்டு செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் திட்டுகளின் அளவு, உதட்டிதழின் அகலம், மஞ்சள் மேட்டின் வடிவம் எதுவும் பொருந்தாது. மணத்திலும் வேறுபாடு உண்டு.

இந்தப் பூவில் தேன் இல்லை. பூச்சிக்குத் தர எதுவுமே இல்லை. சென்ட்ரிஸ் என்னும் தேனீ இனத்தின் பெண் தேனீக்கள் தம் குஞ்சுகளுக்காகச் சில செடிகளின் பூக்களிலிருந்து எண்ணெய் சேகரிப்பவை. எண்ணெய் தரும் அந்தச் செடிகள் மால்பிகியேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் குருக்கத்தியும், அதாவது மாதவிக் கொடியும், அந்தக் குடும்பம்தான். தமிழாசிரியர்களுக்கு அறிமுகமான பூ. தொலும்னியா அந்த எண்ணெய்ப் பூக்களைப்போல் தோற்றமளித்துத் தேனீயை ஏமாற்றுகிறது. ஏமாந்த தேனீ இரண்டாம் முறை எளிதில் வருமா? வராது. அதனால் நூறு பூக்களில் மிகச் சிலவே காயாகின்றன. ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் பூவில் பட்டாலும் காய்க்காது. வேறு செடியின் மகரந்தம் வேண்டும். இது இன்னும் ஒரு தடை.

உலகம் முழுவதும் ஆராயப்பட்ட ஆர்கிட்களைத் தொகுத்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, பூச்சிக்குப் பரிசு தரும் ஆர்கிட்களில் காய்ப்பு நடுத்தர அளவில் 37.1 விழுக்காடு, எதுவும் தராதவற்றில் 20.7 விழுக்காடு என்று காட்டியது. வெப்பமண்டலத்தில் இந்த அளவுகள் இன்னும் கீழே. தொலும்னியா அதிலும் கடைசி வரிசையில் நிற்கிறது.

சரி, இவ்வளவு வேறுபட்ட பூக்கள் ஏன்? தேனீ ஒருமுறை ஏமாந்த நிறத்தையும் வடிவத்தையும் நினைவில் வைத்துத் தவிர்க்கும், எனவே கூட்டத்தில் அரிதான வடிவத்துக்கு வாய்ப்பு கூடும், வேறுபாடு நிலைத்திருக்கும். கேட்பதற்கு மிக அழகான விளக்கம். "பயன்" என்ற சொல்லை விரும்பும் மாணவருக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் போர்ட்டோ ரிக்கோவில் பூவின் வடிவத்தையும் மணத்தையும் காய்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த வடிவம் வெல்கிறது, அந்த வடிவம் தோற்கிறது என்று சொல்லும்படியான உறுதியான, நிலையான தேர்வு எளிதில் அகப்படவில்லை. தேனீ வருவதே அரிது. அது எந்தப் பூவுக்கு வந்தது என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. அங்கு இயற்கைத் தேர்வே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அழகான விளக்கம் கையில் இருப்பதாலேயே அது மெய்ப்பிக்கப்பட்டதாக ஆகிவிடாது. அறிவியல் வகுப்பில் இதை அழுத்திச் சொல்லலாம்.

மரபணு நிலையிலும் இந்தச் செடியைப் பார்த்தார்கள். இலையிலிருந்து நொதிகளை எடுத்துக் கூழில் இட்டு, மின்சாரம் செலுத்திப் பிரித்தால், வெவ்வேறு அல்லீல்கள் உருவாக்கிய நொதிகள் வெவ்வேறு தூரம் நகர்ந்து பட்டைகளாகத் தெரியும். அப்படிப் பார்த்தபோது தொலும்னியாவில் மரபியல் வேறுபாடு மிகுதி. அதன் பெரும்பகுதி ஒவ்வோர் இனக்கூட்டத்துக்கு உள்ளேயே இருந்தது. ஒரு கூட்டத்துக்கும் மற்றொரு கூட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு சிறிய பங்குதான். ஓர் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பலசரக்கெல்லாம் அடுத்த ஊர்ச் சந்தையிலும் ஏறக்குறைய கிடைப்பதுபோல. காற்றில் பறக்கும் விதைகள் கூட்டங்களைக் கலந்துகொண்டே இருக்கின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பாடநூல் இதை மரபணு ஓட்டம் என்கிறது.

நகத்தளவுப் பூக்களின் மற்றொரு கதை

அதே தீவின் கிழக்கில் லூகியோ மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய எல் டோரோ ஏறத்தாழ 1,075 மீட்டர். நம் ஏலகிரியின் உயரத்தை ஒட்டியது. எப்போதும் ஈரம், பாசி படர்ந்த பாறைகளும் மரத்தண்டுகளும். இங்கே லெபாந்தஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஆர்கிட்கள் வளர்கின்றன. செடியே சில சென்டிமீட்டர்; பூவோ சில மில்லிமீட்டர். கைவில்லை இல்லாமல் பூவின் அழகு தெரியாது. அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலத்தில் இந்தப் பேரினத்துக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. பலவும் ஒரே மலை, ஒரே பள்ளத்தாக்கு என்று மிகக் குறுகிய இடத்துக்கு உரியவை. கோஸ்டா ரிக்காவில் ஒரு லெபாந்தஸ் பூவைப் பெண் பூச்சி என்று எண்ணி ஆண் கொசுபோன்ற ஒருவகைச் சிறு ஈ புணர முயல்வதும், அதனால் மகரந்தச் சேர்க்கை நடப்பதும் 2005-இல் வெளியிடப்பட்டது. ஏமாற்று வேலையில் இது தொலும்னியாவையும் மிஞ்சியது.

போர்ட்டோ ரிக்கோவில் ஓடையோரமாக வளரும் லெபாந்தஸ் ருபெஸ்ட்ரிஸை ஆய்வாளர்கள் பாறை பாறையாக, மரம் மரமாக அடையாளமிட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொரு பாறையும் ஒரு குட்டி ஊர். சில ஊர்கள் ஆளற்றுப் போகின்றன; காலியாக இருந்த பாறையில் புதிதாகச் சில செடிகள் குடியேறுகின்றன. ஒரு பாறை செழிக்கும் ஆண்டில் அடுத்த பாறை தேய்கிறது. விதை தூசாக இருந்தும் பெரும்பாலும் தாய்ச்செடியின் அருகிலேயே விழுகிறது. ஈரமும் பாசியும் பூஞ்சையும் கூடிய இடம் தொலைவில் கிடைப்பதும் கடினம். இங்கே கூட்டங்களுக்கு இடையே மரபணு ஓட்டம் மிகக் குறைவு. மரபணு நகர்வுக்கு இடம் அதிகம். தொலும்னியாவின் சந்தைகள்போல் அல்லாமல், இங்கே ஒவ்வொரு கடையிலும் வேறு சரக்கு.

மரபணு நகர்வு என்பதை அமெரிக்க மரபியலர் சீவால் ரைட் 1931-இல் விரிவாகக் கணித வடிவில் எழுதினார். சிறு கூட்டத்தில், எந்தப் பயனும் தீமையும் இல்லாமலே, வெறும் தற்செயலால் ஓர் அல்லீல் பெருகலாம் அல்லது மறையலாம். சிறு கூட்டம் என்றால் எவ்வளவு சிறியது? இங்கேதான் ஆர்கிட் ஒரு நுட்பமான பாடத்தைத் தருகிறது.

தலையை எண்ணினால் போதாது

ஒரு கோழிப்பண்ணையில் ஐம்பது பெட்டைக்கோழிகளும் ஒரே ஒரு சேவலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலையை எண்ணினால் 51. ஆனால் பொரிக்கும் குஞ்சுகள் அனைத்துக்கும் பாதி மரபணுக்கள் அந்த ஒரே சேவலிடமிருந்துதான் வரவேண்டும். ரைட்டின் சூத்திரம் எளியது: ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 4 × 1 × 50 ÷ 51. விடை ஏறத்தாழ 3.9. மரபியல் கணக்கில் அந்தப் பண்ணை, இரண்டு சேவலும் இரண்டு பெட்டையும் மட்டுமே உள்ள பண்ணைக்குச் சமம்! இதையே செயலுறு இனக்கூட்ட அளவு என்கிறோம். ஆட்டுக்கிடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு, வேறு ஊர்க் கிடாயை அவ்வப்போது ஏன் மாற்றிவாங்குகிறார்கள் என்று கேட்டால் இந்தக் கருத்தின் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு பாறையில் 60 லெபாந்தஸ் செடிகள் என்று கொள்வோம். பூத்தவை முப்பது, காய்த்தவை ஐந்தாறு. ஆர்கிட்டின் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. பொலினியம் என்னும் உருண்டையாக ஒட்டிக்கொண்டு, ஒரே பூச்சியின் உடலில் மொத்தமாகப் போய்விடும். எனவே ஒரு காயில் உள்ள ஆயிரக்கணக்கான விதைகளும் பெரும்பாலும் ஒரே தந்தையின் பிள்ளைகள். அவற்றில் பூஞ்சை கிடைத்து முளைப்பவை சில. அறுபது என்று தலையை எண்ணினோம். அடுத்த தலைமுறைக்கு மரபணு கொடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். போர்ட்டோ ரிக்கோ லெபாந்தஸ்களில் செயலுறு அளவைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், அது தலை எண்ணிக்கையைவிட மிகச் சிறியது என்றே கண்டார்கள். மேலே சொன்ன 2005-ஆம் ஆண்டுக் கட்டுரை இதிலிருந்து ஒரு கருத்தை முன்வைத்தது: ஆர்கிட்களில் சிறு கூட்டங்கள் தற்செயலாக விலகிச் செல்கின்றன, அப்படி விலகியவற்றின்மீது இயற்கைத் தேர்வு விட்டுவிட்டுச் செயல்படுகிறது, இரண்டும் மாறி மாறி நடப்பதே இத்தனை ஆயிரம் சிற்றினங்கள் தோன்றியதற்கு ஒரு காரணம். இதை முடிந்த முடிவாக அல்ல, வலுவான ஒரு கருதுகோளாகவே நான் மாணவர்முன் வைப்பேன்.

தற்செயல் என்றால் புயலும் அதில் அடங்கும். 1989 செப்டம்பரில் ஹியூகோ, 2017 செப்டம்பரில் மரியா ஆகிய சூறாவளிகள் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கின. ஒரு மரம் விழுந்தால் அதன் தண்டில் இருந்த கூட்டம் முழுவதும் போகும். கஜா புயலில் தோப்பிழந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். விழுந்த தென்னை நல்ல தென்னையா கெட்ட தென்னையா என்று புயல் பார்க்கவில்லை.

உடல் வேறு, மரபணு வேறு

இதுவரை வேறுபாடு என்றால் மரபணு வேறுபாடு என்றே பேசினோம். வேறொரு பொறியும் உண்டு. ஒரே ஆர்கிட் வெயிலில் வளர்ந்தால் இலை சிறுத்துத் தடிக்கும். நிழலில் அகன்று மெலியும். இரண்டு காடுகளில் இரண்டு அளவு இலைகளைப் பார்த்ததும் இரண்டு வகை என்று முடிவுகட்ட முடியாது. செடிகளை ஒரே இடத்தில் ஒரே கவனிப்பில் வளர்த்த பிறகும் வேறுபாடு நீடித்தால்தான் அது மரபுவழி வந்தது என்று சொல்ல ஓரளவு துணியலாம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இதைச் செய்து காட்டலாம். ஒரு கற்பூரவள்ளிச் செடியிலிருந்து நான்கு கிளைகளை ஒடித்து நான்கு தொட்டிகளில் நடுங்கள். இரண்டு வெயிலில், இரண்டு வராந்தா நிழலில். தண்ணீர் ஒரே அளவு. ஆறேழு வாரம் கழித்துப் புதிதாக வந்த இலைகளைச் சதுரக்கட்டத் தாளில் வைத்து வரைந்து கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். நான்கு செடிகளுக்கும் மரபணு ஒன்றே, இலைகள் ஒன்றல்ல. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மரபணு என்ற சொல்லே வேண்டாம். "ஒரே அம்மாச் செடி" போதும்.

எந்தக் கூட்டத்தைக் காப்பது?

இந்த வேறுபாடுகளை அறிவதால் காட்டில் எடுக்கும் முடிவுகளே மாறுகின்றன. தொலும்னியாவில் ஒரு பெரிய கூட்டத்தைக் காத்தாலே அந்தச் சிற்றினத்தின் மரபியல் செல்வத்தில் பெரும்பகுதி தப்பிவிடும். லெபாந்தஸில் அப்படி அல்ல. ஒரு கூட்டம் அழிந்தால், வேறெங்கும் இல்லாத அல்லீல்கள் அதனோடு போகலாம். எனவே பல கூட்டங்களைக் காக்க வேண்டும், காலியான பாறைகளையும் சேர்த்து. இன்றைய காலிப் பாறை நாளைய குடியிருப்பு. எல் டோரோ சிகரத்தின் பெயரையே தாங்கிய லெபாந்தஸ் எல்டோரோயென்சிஸ் 1991-இல் அமெரிக்க அரசின் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2021-இல் நிலை தேறியதாக அதிலிருந்து நீக்கப்பட்டது. அதன் வாழிடம் பாதுகாக்கப்பட்ட காடு என்பது இதில் பெரிய காரணம்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. அகத்தியமலையில் மட்டுமே இயற்கையாக வளரும் பாபியோபெடிலம் ட்ரூரி என்னும் மஞ்சள் செருப்பு ஆர்கிட். தென்னிந்தியாவுக்கு உரிய ஒரே பாபியோபெடிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கர்னல் ட்ரூரியின் பெயரால் அழைக்கப்பட்டது முதல் சேகரிப்பவர்களின் கண் அதன்மேல்தான். மிகச் சிறிய கூட்டத்திலிருந்து அழகான பூவுள்ள பத்துச் செடிகளைப் பறித்தால், போவது பத்துச் செடிகள் மட்டுமல்ல. பூத்துக் காய்க்கும் சிலரில் பத்துப் பேர். செருப்பு ஆர்கிட்களை வனத்திலிருந்து எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலைப்பகுதிப் பள்ளிகளில் மூலிகைத் தோட்டத்துக்கு என்று ஆர்கிட்களைக் கொண்டுவரும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பூஞ்சைத் துணை இல்லாமல் தோட்டத்தில் அவை பெருகப்போவதும் இல்லை.

வகுப்பறையில் புளியங்கொட்டை

மரபணு நகர்வைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், காட்டிவிடுவது எளிது. ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்பை. பையில் இருபது புளியங்கொட்டைகள். பத்தில் சுண்ணாம்பால் புள்ளி, பத்து வெறுமனே. தாயம் ஆடுவதற்கு உரசுவதுபோல் ஒரு பக்கம் உரசிவிட வேண்டாம், கைக்குத் தெரிந்துவிடும். புள்ளியும் நன்றாகக் காய்ந்திருக்கட்டும்.

கண்ணை மூடி நான்கு கொட்டைகளை எடுக்கவேண்டும். இவைதான் காய்த்த செடிகள்; மீதிப் பதினாறும் காய்க்காமல் மடிந்தன. எடுத்த நான்கில் மூன்று புள்ளி, ஒன்று வெறுமை என்றால், அடுத்த தலைமுறையில் பதினைந்து புள்ளியும் ஐந்து வெறுமையுமாகப் பையை மீண்டும் இருபதாக நிரப்புங்கள். (அதனால் கூடுதல் கொட்டைகள் கைவசம் வேண்டும், குழுவுக்கு நாற்பது போதும்.) ஒவ்வொரு தலைமுறையையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வரட்டும். எட்டுப் பத்துத் தலைமுறைக்குள் பெரும்பாலான பைகளில் ஏதாவது ஒரு வகை முழுவதுமாக மறைந்திருக்கும். எந்தப் பையில் எது மறையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐந்து பைகளும் ஒரே மாதிரி தொடங்கின. வேறு வேறாக முடிந்தன. "புள்ளி வைத்த கொட்டைக்கு என்ன பயன் இருந்தது?" என்று அப்போது கேளுங்கள்.

அடுத்த சுற்றில் நான்குக்குப் பதில் பத்து எடுத்து இரட்டிப்பாக்கச் சொன்னால், அதே பத்துத் தலைமுறையிலும் பல பைகளில் இரண்டு வகையும் தப்பி நிற்கும். மூன்றாம் சுற்றில் மீண்டும் நான்கே எடுக்கட்டும்; ஆனால் நான்கில் ஒன்று பக்கத்துக் குழுவின் பையிலிருந்து வரவேண்டும். தலைமுறைக்கு ஒரே ஒரு விருந்தாளி. பைகள் தனித்தனியே ஓடாமல் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதை வரைபடமே காட்டும். முதல் சுற்று லெபாந்தஸை ஒத்தது. மூன்றாவது ஓரளவு தொலும்னியாவை நெருங்குவது. ஒரு பாடவேளையில் மூன்று சுற்றும் முடியாது. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

வெளியே போய் அளக்க ஆர்கிட் தேவையில்லை, எருக்கு போதும். ஆர்கிட்டைப்போலவே எருக்கிலும் மகரந்தம் பொலினியமாகத்தான் இருக்கிறது. பூச்சியின் காலில் மொத்தமாக ஒட்டிக்கொண்டு போகிறது. விட்டத்தைத் துளைக்கும் கருவண்டு அதற்கு முக்கிய விருந்தாளி. கொத்துக் கொத்தாகப் பூத்தாலும் காய் சிலவே. நிறமும் செடிக்குச் செடி மாறும்: வெள்ளெருக்கு, நீல எருக்கு. ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஐம்பது செடி, ஏரிக்கரையில் ஐம்பது செடி என்று இரண்டு இடங்களில் வெள்ளை எத்தனை, நீலம் எத்தனை, ஒவ்வொன்றிலும் காய் எத்தனை என்று மாணவர் எண்ணி வரட்டும். பறிக்க வேண்டாம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சில மாவட்டங்களில் இதழ் விரியாமல் நிமிர்ந்து நிற்கும் மற்றோர் எருக்குச் சிற்றினமும் கலந்திருக்கும். இதழ் விரிந்து மடங்கிய செடிகளை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களின் விகிதம் வேறாக வந்தால் உடனே காரணம் சொல்ல விடாதீர்கள். வண்டு ஒரு நிறத்தை விரும்பியதா? அப்படியானால் அந்த நிறச் செடியில் காய் கூடுதலாக இருக்கவேண்டும். எண்ணிக்கை அதைச் சொல்கிறதா? இல்லையென்றால், அங்கே முதலில் முளைத்த ஒன்றிரண்டு செடிகளின் நிறம்தான் இன்று கரை முழுவதும் பரவியிருக்கிறதா? பிள்ளையார் கோயில் அருகே எண்ணிய குழு ஒன்று இருந்தால் அதைத் தனியே வைக்கவேண்டும். அங்கே வெள்ளெருக்கு அதிகமாக இருப்பதற்கு வண்டும் காரணமல்ல, தற்செயலும் காரணமல்ல; நட்டுவைத்த கைகள்தான். இதை நாமாகச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒரு மாணவி எழுந்து சொல்வாள்.

எண்ணிய தாள்களைத் தேதியும் இடமும் எழுதி அறிவியல் மன்றப் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த ஆண்டுக் குழு அதே கரைக்குப் போகட்டும்.